முன் இடது சக்கரம்

க்ர்ர்ரீச்ச்!

சத்தம் காதுக்குள் நுழைவதற்கு முன்பே லீலாவின் காலுக்குள் நுழைந்துவிட்டது. பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின் சீட்டில் இருந்த பூசணிக்காய் உருண்டு தொப்பென்று கீழே விழுந்தது. பக்கத்து சீட்டில் நின்றிருந்த வாழைக்கன்று அவள் தோளில் வந்து சாய்ந்தது, துக்கம் விசாரிக்க வந்ததுபோல.

மைசூர் ஹெப்பாளில் பால் பூத் வளைவு. எதிரே வந்த கம்பெனி பஸ், சாலை மொத்தமும் தன் பேரில் பட்டா போட்டதுபோல வந்தது. ஒதுங்கினாள். ஓர் அடி கூடுதலாகவே ஒதுங்கிவிட்டாள். அந்த ஓர் அடியில்தான் நடைபாதையின் விளிம்புக் கல் துருத்திக்கொண்டு காத்திருந்தது.

இறங்கி, முன் இடது சக்கரத்தைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். கீறல் அங்கேயேதான் இருந்தது. வெள்ளி நிற அலாய் வீலின் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு, எலி கரண்டிய தேங்காய் மூடி மாதிரி.

மணி பதினொன்று இருபது. ரத்தினவேல் வருவது மாலை ஏழுக்கு.

மூன்று நாளைக்கு முன், சொந்த ஊரான மார்டள்ளிக்கு மக்காச்சோளம் அறுக்கக் கிளம்பியபோது வாசலில் நின்று அவள் புருஷன் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன.

“இந்தா சாவி. மூணு நாளைக்கு வண்டி உன்ர பொறுப்பு. ஆயுத பூஜைக்கு நான் வந்து பாப்பேன். ஒரு கீறல் இல்லாம இருந்துச்சுன்னா, எலுமிச்சம்பழத்து மேல வண்டிய நீயே ஏத்து. அன்னியிலிருந்து சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”

“கீறல் இருந்துச்சுன்னா?”

“கம்பெனி பஸ் இருக்குதல்ல? ரிட்டயர் ஆகற வரைக்கும் அதுலயே போய்க்க.”

எட்டு வருஷமாக அந்த பஸ்ஸில்தான் போகிறாள். விடிவதற்குள் தெருமுனையில் நின்று, கம்பியைப் பிடித்துத் தொங்கி, அடுத்தவர் டிபன் பாக்ஸ் இடுப்பில் இடிக்க. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இரண்டு மாதம் முன்பு முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சாவிதான் பாக்கி. அந்தச் சாவிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரு சாண் நீளக் கீறல்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பூஜை. ரத்தினவேல் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குத்த வைத்து உட்கார்ந்து, சந்தனமும் குங்குமமும் தன் கையால்தான் வைப்பார். மறைக்க வழியே இல்லை.

வண்டியை எடுத்தாள்.

வீட்டுக் கீழ்த்தளத்தில் முன் அறை ‘மனிஷா பியூட்டி பார்லர்’. பெயருக்குரியவள் புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்தபடி வெளியே வந்தாள். சக்கரத்தைப் பார்த்ததும் நூல் வாயிலிருந்து விழுந்தது.

“அய்யோ லீலாக்கா! இதை யாரு கடிச்சது?”

“நாந்தான்.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா?”

“தெரியக் கூடாது. ஏழு மணிக்குள்ள இதைச் சரி பண்ணணும்.”

“நீயா? டிங்கரிங் கடைக்குக் கொண்டு போக்கா!”

“பூஜைக்கு முந்தின நாள் எந்தக் கடையில கை காலியா இருக்கும்? ரெண்டு கடைக்குப் போன் பண்ணிட்டேன். பூஜை முடிஞ்சு வாங்கன்னு சொல்றாங்க.” லீலா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “மனிஷா, என்ர வேலை என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?”

தெரியும். தொழிற்சாலையில் அலுமினிய வார்ப்புகளைப் பரிசோதிப்பது. ஒரு நாளைக்கு நானூறு பம்பு மூடிகள் அவள் மேஜைக்கு வரும். விரலை ஓட்டிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் அவள் விரல் நுனிக்குத் தெரியும். நல்லதுக்குப் பச்சை முத்திரை, கெட்டதுக்குச் சிவப்பு. எட்டு வருஷத்தில் சிவப்பு விழவேண்டிய இடத்தில் ஒரு தடவைகூடப் பச்சை குத்தியதில்லை.

“அலுமினியம் எனக்குப் புதுசில்ல. நீ வர்றியா, இல்லையா?”

மனிஷா பார்லர் கதவில் ‘மூடியிருக்கிறது’ பலகையைத் திருப்பிப் போட்டாள். “வாக்கா! ஒரு கை பாத்துடலாம்!”

பதினொன்று ஐம்பதுக்கு பசவராஜின் ஹார்ட்வேர் கடை. பசவராஜ் கன்னடத்துக்காரர், தமிழையும் ஆணி மாதிரி எடை போட்டுத்தான் கொடுப்பார். லீலா போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: நாலு நம்பரில் உப்புத்தாள், பள்ளம் அடைக்க உலோகப் பட்டி, தின்னர், பிரைமர், வெள்ளி ஸ்ப்ரே, கடைசியாக மேல் பூச்சுக்குக் கிளியர் கோட்.

“ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவுல இருபது நிமிஷம் விடணும். ஆய்த்தா? கிளியர் அடிச்ச அப்புறம் ஒரு வாரம் யாரும் அதும் மேல கைய வைக்கக் கூடாது.”

“ஒரு வாரமா? நாளைக்குப் பூஜைங்க!”

பசவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். “பூஜை மாடி, பண்ணுங்க. ஆனா அந்த வீலுக்கு மட்டும் குங்குமம் பேடம்மா, வேண்டாம். அமுக்கினா மாட்டிப்பீங்க.”

அது வேறா! லீலா எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டாள். சரி. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் நானே வைப்பேன், பட்டும் படாமல். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டரை. சக்கரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தின்னரால் துடைத்தாள். டயரில் பெயிண்ட் படக் கூடாது. டயருக்கும் விளிம்புக்கும் இடையே அட்டைகளைச் செருகினால் போதும். ஆனால் அட்டைக்கு எங்கே போவது?

மனிஷா உள்ளே ஓடி, தன் பார்லரின் விசிட்டிங் கார்டுக் கட்டைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகச் செருகச் செருக, சக்கரத்தைச் சுற்றிச் சூரியகாந்திப் பூ மாதிரி நாற்பது கார்டுகள் விரிந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: பெண்களுக்கு மட்டும்.

“அக்கா, உன் வண்டி லேடீஸ்தானே? என் பார்லர்ல ஜென்ட்ஸுக்கு அனுமதி இல்ல.”

“பேசாம அந்த மேல்துணியக் கொண்டா!”

முடி வெட்டும்போது கழுத்தில் கட்டும் கறுப்புத் துணி, காரின் முன்பக்கத்துக்குப் போர்வையானது. பிரேக்கின் மேல் படாமல் இருக்க, சக்கரத்தின் இடைவெளிகளில் பழைய செய்தித்தாள் திணித்தாள். இருவர் மூக்கிலும் பார்லர் முகக்கவசம். பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் தோற்றுப்போகும்.

சொர்ர்ர்... சொர்ர்ர்... முரட்டுத் தாள் விளிம்பின் பிசிறுகளைத் தின்றது. அலுமினியம் வெள்ளையாய்ச் சிரித்தது. லீலா கண்ணை மூடி விரலை ஓட்டினாள். “இன்னும் இருக்குது.” மறுபடி தேய்த்தாள். ஆழமான பள்ளத்தில் பட்டியை இழுத்துப் பூசினாள். காய்வதற்குள் இரண்டு வாய் தயிர் சாதம். நின்றபடியே. பிறகு நானூறு நம்பர், அதன்பின் தண்ணீர் தொட்டு எண்ணூறு நம்பர். மறுபடி கண்ணை மூடி, விரலை ஓட்டி, சொன்னாள்:

“பச்சை முத்திரை!”

மனிஷா கைதட்டினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது.

“ஏம்புள்ள, நான் கொள்ளேகால் தாண்டிட்டேன்!” ரத்தினவேலின் குரலில் உற்சாகம் வழிந்தது. “நம்ம சித்தையன் கார்ல மைசூர் வர்றான், தொத்திக்கிட்டேன். நாலரைக்கெல்லாம் வந்துருவேன். வண்டி எப்படி இருக்குது?”

“உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க,” என்றாள் லீலா. போனை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி இரண்டே முக்கால்!

பிரைமர். புஸ்ஸ்ஸ். காத்திருப்பு. வெள்ளி. புஸ்ஸ்ஸ். காத்திருப்பு. கீறல் இருந்த இடம் கண்ணெதிரே காணாமல் போனது. மூன்று நாற்பதுக்கு கிளியர் கோட். ஒன்று. நியாயமாக இருபது நிமிஷம் விட வேண்டும். வானமோ சாமுண்டி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இருபது நிமிஷம் நம்மகிட்ட இல்ல மனிஷா!”

“இதோ!” ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக்கொண்டு வந்தாள் மனிஷா. கையில் தலைமுடி உலர்த்தும் டிரையர். “கல்யாணப் பொண்ணு தலையையே பத்து நிமிஷத்துல காய வைப்பேன்!”

உஷ்ஷ்ஷ் என்று சூடான காற்று. நாலே நிமிஷத்தில் பூச்சு கண்ணாடி மாதிரி ஆனது. அடுத்த கோட். டிரையர். இன்னொரு கோட். டிரையர். நகப்பூச்சு மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாய் இருக்கும் என்பது மனிஷாவுக்குத் தொழில் ரீதியாகத் தெரிந்த சங்கதி. அவசரத்தில் அந்தச் சங்கதி அவள் நாக்குக்கு வரவில்லை.

கார்டுகளை உருவினாள் லீலா. எழுந்து, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். அடுத்த இடி இறங்கியது.

முன் இடது சக்கரம் ஜொலித்தது. மற்ற மூன்றும் பிரேக் தூசு அப்பி, அடுப்புக்கரி மாதிரி இருந்தன! குருடனுக்கும் தெரியும்.

“வாளி! துணி! ஓடு!”

மணி நாலு ஐந்து. முன் வலது சக்கரத்துக்கு மனிஷா, பின் சக்கரங்களுக்கு லீலா. சோப்பு, பிரஷ், துணி, பாலிஷ். கரி கரைந்து ஓடியது. பின் வலது முடிந்தது. பின் இடது. விளிம்பைச் சுற்றித் துணியோடு ஓடிய லீலாவின் விரல் சட்டென்று நின்றது.

ஏதோ ஒரு மேடு.

துணியை எடுத்துவிட்டு, வெறும் விரலை வைத்து, கண்ணை மூடினாள். காற்றடிக்கும் வால்வுக்கு நேராக மூன்று விரல் தள்ளி, பூச்சுக்கு அடியில், பட்டி. யாரோ ஏற்கெனவே கீறலை அடைத்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் துளிகூடத் தெரியவில்லை.

வண்டி புதிதாக வாங்கியது. அவள் கைக்கு வரும்வரை, இரண்டு வருஷமாக இதை ஓட்டியது ஒரே ஓர் ஆள்.

“என்னக்கா நின்னுட்டே?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் லீலா. முகத்தில் அன்று முதன்முதலாகச் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து போனது.

நாலரைக்கு வாசலில் ஹாரன். ரத்தினவேல் பையைக்கூடக் கீழே வைக்காமல் காரைச் சுற்றி வந்தார். கதவு, பம்பர், கண்ணாடி. முன் இடது சக்கரத்தருகே குனிந்தார். லீலா மூச்சை உள்ளே இழுத்தவள் விடவே இல்லை.

“நாலு வீலும் என்னமா மின்னுது! கழுவினியா?”

“பூஜைக்காகங்க.”

“கெட்டிக்காரி!” என்று உள்ளே போனார். மனிஷா பார்லர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி. காம்பவுண்டுக்குள் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. கார் முகப்பில் சாமந்தி மாலை, இரு பக்கமும் வாழைக்கன்று, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் மனிஷாவின் ஆயுதங்கள்: கத்தரிக்கோல், சீப்பு, பொட்டு வைத்து மாலை போட்ட டிரையர்.

லீலா சந்தனக் கிண்ணத்தை முந்திக்கொண்டு எடுத்தாள். “நீங்க கற்பூரத்தப் பாருங்க. சக்கரத்துக்கு நான் வெக்கறேனுங்க.”

“அட போ புள்ள! என்ர வண்டிக்கு நாந்தான் வெப்பேன்.” கிண்ணம் கை மாறிவிட்டது.

முன் வலது சக்கரம். சந்தனம். குங்குமம். கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைத்தார். அந்த அழுத்தத்தைப் பார்த்து மனிஷா தன் விரலைக் கடித்துக்கொண்டாள்.

பின் வலது. பின் இடது.

“ஏனுங்க, தேங்காய் உடைக்க நேரமாச்சு!”

“இரு, ஒண்ணுதான் பாக்கி.”

முன் இடது. குத்த வைத்து உட்கார்ந்தார். சந்தனத்தைத் தொட்டார். கட்டை விரல் விளிம்பில் பதிந்தது. அழுத்தினார்.

விரல் வரவில்லை.

இழுத்தார். சப்பென்று ஒரு சத்தத்தோடு வந்தது. பளபளக்கும் பூச்சில் அவருடைய கட்டை விரல் ரேகை, சுழி சுழியாக, சந்தனத்தோடு அச்சாகியிருந்தது. பத்திர ஆபீசில்கூட இவ்வளவு தெளிவாக விழாது.

“என்னடா இது! பெயிண்ட் கையோட வருது!” ரத்தினவேல் துள்ளி எழுந்தார். “ரெண்டே வருஷத்துல பெயிண்ட் இளகுதா? கார் கம்பெனிக்காரனுக கலப்படப் பெயிண்ட அடிச்சு என்ர தலையில கட்டிட்டானுக! எங்க என்ர போனு? இப்பவே கூப்பிட்டு நாறடிக்கிறேன் பாரு!”

மனிஷா கண்ணாலேயே லீலாவிடம் பேசினாள். சும்மா இரு. வாயைத் திறக்காதே. கெடுத்தது அவர் விரல். பழி கம்பெனிக்கு. சாவி உனக்கு.

உண்மைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜெயித்துவிடலாம். ரத்தினவேல் எண்களை அழுத்த ஆரம்பித்தார். லீலா அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். தொழிற்சாலை மேஜையில் இப்படி ஒன்று வந்தால் எந்த முத்திரை குத்துவாள்?

“போனை வைங்க. அது கம்பெனி பெயிண்ட் இல்லீங்க. என்ர பெயிண்ட்.”

மனிஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

லீலா சொன்னாள். பஸ், கல், கீறல், உப்புத்தாள், டிரையர், எல்லாம். ரத்தினவேலின் முகம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது.

“சாவியக் குடு.”

“நீங்க சொன்னது என்னங்க? பூஜை அன்னிக்கு ஒரு கீறல் இருக்கக் கூடாதுன்னீங்க. எங்க இருக்குது, காட்டுங்க.”

குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். எழுந்து வெளிச்சத்தை மறைக்காமல் நின்று பார்த்தார். ரேகையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அந்த ரேகையும் அவருடையது.

“கீறல் பெருசில்ல புள்ள!” குரல் எகிறியது. “மறைச்ச பாரு, அதான் பெருசு. கீறினவ கீறினேன்னு சொல்லணும். மறைக்கறவங்க கையில நான் வண்டியக் குடுக்க மாட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் தத்தம் ஸ்கூட்டருக்குக் கற்பூரம் காட்டுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். லீலா புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து, பின் இடது சக்கரத்துக்கு அழைத்துப் போனாள். இருவரும் குனிந்தார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ சாங்கியம் மாதிரித் தெரிந்திருக்கும். வால்வுக்கு நேராக, மூன்று விரல் தள்ளி, அவர் விரலை வைத்தாள்.

“இது என்னங்க?” என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

ரத்தினவேல் விரலை இழுக்கப் பார்த்தார்.

“போன வருஷம் சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு ரெண்டு நாள் பஸ்ஸுல போனீங்களே...”

“எப்படிக் கண்டுபிடிச்ச?” காற்றாக வந்தது கேள்வி.

“எட்டு வருஷமா அதுக்குத்தானுங்க சம்பளம் வாங்கறேன்.”

“ஆருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இன்னும் இல்லீங்க.”

அந்த ‘இன்னும்’ அவருக்கு நன்றாகவே கேட்டது. எழுந்தார். வேட்டியை உதறினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“என்னங்க எல்லாரும் வேடிக்கை பாத்துட்டு? நல்ல நேரம் போகுதில்ல! லீலா, ஏறு வண்டியில!”

சொன்னவர், வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

மனிஷா விசில் அடித்தாள். பூசணிக்காய் சிதறியது. லீலா சாவியைத் திருப்பினாள். என்ஜின் உறுமியது. கிளட்சை மெல்ல விட்டாள். பச்சக்! நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. சத்தம் ஒன்றுதான். ஆனால் அவளுக்கு நாலும் தனித்தனியாகக் கேட்டது.

கேட்டைத் தாண்டி, தெருவுக்கு வந்தாள். இரண்டாவது கியர். மூன்றாவது. ஜன்னல் வழியே காற்று அடித்தது. சாமந்தி இதழ்கள் கண்ணாடியில் பறந்து ஒட்டின.

“அந்த ரேகை?” என்றார் ரத்தினவேல், வெளியே பார்த்தபடி.

“ஒரு வாரம் காயட்டுங்க. தேய்ச்சு மறுபடி அடிச்சுக்கலாம். அந்தப் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பண்ணிடறேன். பட்டி சரியா இழுக்கலீங்க, அங்க.”

“கடைக்காரன் நல்லாப் பண்ணிட்டேன்னு சொன்னான்.”

“சிவப்பு முத்திரைங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். ஒரு சுற்றுப் போய்த் திரும்பும் வழியில் பால் பூத் நெருங்கியது. அதே வளைவு. எந்த இடத்துக் கல் என்று யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

ரத்தினவேல் சீட்டின் விளிம்புக்கு வந்தார். கை தானாக உயர்ந்தது.

“ஏம்புள்ள, கொஞ்சம் ரைட்டுல போ. அந்தக் கல்லு... வெளியில துருத்திட்டு நிக்கும்.”

“தெரியுங்க,” என்றாள் லீலா. ஸ்டியரிங்கை ஒடித்தாள்.